செக்கும் கப்பலும்

தூத்துக்குடி வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களைப் பற்றி மேடையிற் பேசுவார் பலர். அப்பேச்சைக் கேட்டு வெளிவரும் மாணவன் ஒருவனை நிறுத்தி, ‘அப்பெரியார் யாது செய்தார்?’ என்று வினவினால், ‘சிறையிற் செக்கிழுத்தார்’ என்பான். சற்று நினைந்து, ‘கப்பலும் ஓட்டினார்’ என்பான். ‘அக்கப்பலை வாங்கிய பொருள் யாருடையது? அஃது எத்தனை யாண்டு ஓடிற்று? எதனால் நின்றது?’ என்று மேலும் வினவினால் வாய் திறவான். செக்கு நம் மனத்திற் பதிந்த அளவு கப்பல் பதியவில்லை. கப்பல் பதிந்த அளவு அக்கப்பலின் கணக்குப் புத்தகம் பதியவேயில்லை. இக்குறையைக் குறித்தே ஈண்டுச் சில கூறக் கருதுகின்றோம்.

செக்கு, பிறர் அவர்மேற் சுமத்திய துன்பம். கப்பல், அவர் தாமே எண்ணித் துணிந்த செயல். துன்பத்தை நினைந்து கண்ணீர் உகுத்தல் எளிது. செயலை ஆராய்ந்து அதன் ஆக்கத்தையும் கேட்டையும் அறிதல் அரிது. அரிதாயினும் பயனுடையது அதுவே. ஆரணியைப் போன்ற நெசவூர்களிற் பிறந்த எம்மனோர்க்கு அது பெரிதும் வேண்டப்படுவது. அஃது எங்ஙனம் என்பதைப் பின்னர்க் காட்டுவோம். முன்னர் அவர் வரலாற்றைச் சுருங்க உரைப்போம்.

சிதம்பரம் பிள்ளை 1872-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 5-ஆம் நாள் ஒட்டப்பிடாரத்திற் பிறந்தார். தந்தையார் உலகநாத பிள்ளை ஒரு வழக்கறிஞர். தாயார் பரமாயி அம்மையார். தூத்துக்குடியில் தூய சவேரியார் பள்ளியிலும் கால்டுவெல் பள்ளியிலும், திருநெல்வேலியில் இந்துக் கல்லூரிப் பள்ளியிலும் அவர் கல்வி பயின்றார். மிஷன் பள்ளிகளால் இந்நாட்டுக்கு விளைந்த நன்மையை எண்ணுவோர், அங்கே பயின்ற இம்மாணவரையும் அக்கணக்கிற் சேர்த்துக்கொள்ளல் தகும். சிலகாலம் தாலுகாக் கச்சேரியில் எழுத்தராக இருந்து, பின்னர்த் திருச்சிராப்பள்ளியிற் சட்டம் பயின்று, 1894-இல் தேர்ச்சி பெற்று, தம் ஊரிலேயே வழக்காடத் தொடங்கினார். ஏழைகளின் வழக்கைப் பொருள் பெறாமல் எடுத்து நடத்தினார் என்பது அந்நாளிலேயே அவர்க்கு வாய்த்த புகழ். 1900-இல் தூத்துக்குடிக்குக் குடிபெயர்ந்தார்.

தூத்துக்குடி, இலங்கையை நோக்கி நிற்கும் துறைமுகம். கொழும்புக்குச் செல்லும் வணிகரும், அங்குள்ள தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளரும் அத்துறையிலிருந்தே கடல் கடப்பர். அக்கடல்வழி, பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பற் கம்பெனி என்னும் ஆங்கில நிறுவனத்தின் கைக்குள் இருந்தது. அவர்கள் கேட்டதே கட்டணம். அவர்கள் வைத்ததே சட்டம். பண்டு முத்தும் சங்கும் ஏற்றிக் கலஞ் செலுத்திய பாண்டிநாட்டுக் கடற்கரையில், அந்நாட்டு மக்கள் பிறர் கலத்திற் கூலி கொடுத்து ஏறுவாராய்க் குறுகி நின்றனர்.

1905-இல் வங்காளம் இரு கூறாக்கப்பட்டது. அதனை எதிர்த்தெழுந்த சுதேசியக் கிளர்ச்சி தென்னாட்டையும் வந்து எட்டியது. அயல்நாட்டுத் துணியை வாங்கோம் என்று உறுதி பூண்டார் பலர். கூட்டங் கூட்டி முழங்கினார் பலர். சிதம்பரம் பிள்ளையும் முழங்கினார். ஆயினும் அவர் அவ்வளவில் நிற்கவில்லை. தூத்துக்குடியில் சுதேசியப் பண்டங்களை விற்கும் பண்டகசாலையையும், தருமசங்க நெசவுச்சாலையையும் நிறுவினார். கப்பலோட்டிய தமிழர் எனப் போற்றப்படுபவர், தறியையும் தம் தொண்டினுள் ஒன்றாகக் கொண்டிருந்தார் என்பதை ஆரணியார் அறிந்து மகிழ்வார்களாக.

பின்னர் எடுத்த முயற்சியே பெருமுயற்சி. 1906-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 16-ஆம் நாள் சுதேசி நாவாய்ச் சங்கம் கம்பெனியாகப் பதிவு செய்யப்பெற்றது. மூலதனம் 10 இலட்சம் ரூபாய். பங்குகள் 40,000. பங்கு ஒன்றின் விலை 25 ரூபாய்.

இவ்வெண்களை எவரும் மேடையிற் சொல்வதில்லை. எமக்கோ இவையே அவர் வரலாற்றின் உயிர்நாடியாகத் தோன்றுகின்றன. என்னை? பத்துச் செல்வர்களிடம் இலட்சம் இலட்சமாகப் பெற்றும் பத்து இலட்சம் திரட்டலாம். அவ்வாறு திரட்டினால் கப்பல் பத்துப் பேருடையதாகும். பங்கை இருபத்தைந்து ரூபாயாக வகுத்தமையால், சிறு வணிகனும், பள்ளியாசிரியனும், சிறு நிலமுடைய உழவனும் ‘இக்கப்பலில் எனக்கும் ஒரு பலகை உண்டு’ என்று சொல்லக்கூடிய வாயில் திறந்தது. நாட்டில் எழுந்த உணர்ச்சியைப் பதிவுபெற்ற கம்பெனியாகவும், பங்குப் பத்திரமாகவும், கணக்காகவும் மாற்றுவது உரிமையுணர்ச்சி மட்டும் உடையவரால் இயலாது. சட்டம் கற்றவரால் இயலும். வழக்கறிஞர், அரசியலார், வணிகர் என்னும் மூவரும் அவ்வொருவரிடத்தே கூடி நின்றனர். வழக்கறிஞர் விதிகளை வகுத்தார். அரசியலார் மக்களைத் திரட்டினார். வணிகர் கட்டணத்தைக் கணக்கிட்டார்.

சங்கத்திற்குத் தலைமை பூண்டவர், 1901-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய பாலவனத்தம் ஜமீன்தார் பாண்டித்துரைத் தேவர். தமிழ் கற்கும் நமக்கு இஃது ஓர் இனிய செய்தி. ஏட்டுச் சுவடிகளைத் தேடிக் காத்த கை கப்பற்பங்கிலும் கையெழுத்திட்டது. ஹாஜி முகம்மது பக்கீர் சேட் என்பார் 8,000 பங்குகளை, அஃதாவது இரண்டு இலட்சம் ரூபாய்க்கு உரியவற்றைத் தாம் ஒருவரே ஏற்றார். சமய வேற்றுமை அப்பங்குப் புத்தகத்தில் இடம்பெறவில்லை.

முதலிற் சங்கத்திற்குச் சொந்தக் கப்பல் இல்லை. ஷாலைன் கம்பெனியாரிடம் கப்பலை வாடகைக்குப் பெற்று ஓட்டினர். ஆங்கிலக் கம்பெனியார் நெருக்கவே, அவர்கள் கப்பலைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். சிதம்பரம் பிள்ளை உடனே இலங்கைக்குச் சென்று வேறொரு கப்பலை வாடகைக்கு அமர்த்தினார். பிறர் கப்பலை நம்பியிருத்தல் ஆகாது என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று. அவர் பம்பாய் சென்றார். திலகர் முதலியோர் உதவினர். 1907-இல் ‘காலியா’, ‘லாவோ’ என்னும் இரண்டு கப்பல்கள் சங்கத்துக்கு உரியனவாகத் தூத்துக்குடியை அடைந்தன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,300 சாதாரணப் பயணிகளையும் 4,000 மூட்டைச் சரக்கையும் ஏற்ற வல்லது.

அதன்பின் எழுந்தது கட்டணப் போர். ஆங்கிலக் கம்பெனியார் ஆள் ஒன்றுக்கு ஒரு ரூபாயாகக் கட்டணத்தைக் குறைத்தனர். சுதேசிச் சங்கத்தார் எட்டணா என்றனர். ஆங்கிலக் கம்பெனியார் கட்டணமே வேண்டா என்றனர். அதனோடு அமையாது, ஏறுவோர்க்குக் குடையொன்றும் இலவசமாகத் தருவோம் என்று பரப்பினர். பெருமூலதனம் உடையவன் நட்டத்தையும் படைக்கலமாக எடுப்பான். சிறுமூலதனம் உடையவன் அந்நட்டத்தில் அமிழ்வான். அக்குடை வெயிலை மறைக்கக் கொடுத்த குடையன்று. சுதேசிக் கப்பலைக் கண்ணினின்று மறைக்க விரித்த குடை.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 27-ஆம் நாள் தூத்துக்குடிக் கோரல் நூலாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினர். கூலி உயர்வும், வேலைநேரக் குறைப்பும், வாரத்திற்கு ஒருநாள் ஓய்வும் அவர்கள் வேண்டியவை. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்கட்குத் துணைநின்றனர். ஒன்பது நாளில் ஆலையார் இணங்கினர். தாமே ஒரு கம்பெனியை நடத்துபவர், கூலியாட்களின் பக்கம் நின்று கூலி உயர்வு கேட்டார் என்பது எண்ணத்தக்கது. தொழிலாளியின் வயிற்றை ஒடுக்கித்தான் தொழிலை வளர்க்க வேண்டும் என்று அவர் கருதவில்லை.

அம்மார்ச்சுத் திங்கள் 12-ஆம் நாள் அவர் சிறைப்படுத்தப்பட்டார். மறுநாள் திருநெல்வேலியிற் கலகம் மூண்டது. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். ஜூலைத் திங்கள் 7-ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள்தண்டனை விதித்தார். மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட்டது. கோயம்புத்தூர்ச் சிறையிலும் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து 1912-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அவர் விடுதலை பெற்றார். கோயம்புத்தூர்ச் சிறையிலேதான் மாடு இழுக்கும் செக்கை அவரை இழுக்க வைத்தனர்.

அவர் வெளிவந்தபொழுது கப்பல் இல்லை. 1911-இல் சங்கம் கலைக்கப்பட்டது. கப்பல் எவரை எதிர்த்து ஓடிற்றோ அவரிடமே விலைக்குச் சென்றது. செக்கைவிட இதுவே அவரைப் பெரிதும் வருத்தியிருக்கும் என்று யாம் எண்ணுகின்றோம்.

நிற்க. இதுகாறும் கூறியது வரலாறு. இனிக் கூறப்புகுவது எம் கருத்து.

இச்சங்கம் வீழ்ந்தமைக்கு இரண்டு காரணங்களைப் பலரும் கூறுவர். ஒன்று அரசின் கொடுமை. மற்றொன்று இலவசக் குடைக்கு மயங்கிய மக்களின் அறியாமை. முன்னது மெய்யே, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் நம் கைக்கு அப்பாற்பட்ட காரணத்தை ஆயிரமுறை சொல்வதனால் நாம் கற்பது ஒன்றுமில்லை. பின்னதை யாம் முழுவதும் ஒப்புக்கொள்ளோம். தோட்டக்கூலியாகக் கடல் கடந்த ஏழை ஒருவன் எட்டணாவை மிச்சப்படுத்தினான் என்று அவனை இகழ்வது எளிது. அவ்வெட்டணா அவன் வீட்டாரின் சில நாட்சோறு. இகழத்தக்கவர் உளரேல், அவர் பட்டினி கிடவாதவராகவே இருத்தல் வேண்டும்.

எம் கருத்தில் சங்கத்தின் நோய் உள்ளேயே இருந்தது. அந்நோய் இருவகைத்து. முதலாவது, சங்கம் ஒருவர் தோளிலேயே நின்றது. பங்கு சேர்ப்பவரும் அவர். கப்பல் தேடிக் கடல் கடப்பவரும் அவர். கட்டணம் வகுப்பவரும் அவர். மேடையிற் பேசுபவரும் அவர். அவரைச் சிறையில் அடைத்தவுடன் கப்பலையும் அடைத்ததாயிற்று. பகைவர்க்கு இரண்டு வேலை இருக்கவில்லை. இரண்டாவது, பங்கு வாங்கியோர் பலர் அதனை ஒரு நன்கொடை போலக் கருதினர். தம் உடைமையாகக் கருதவில்லை. நன்கொடை கொடுத்தவன் கொடுத்தவுடன் மறந்துவிடலாம். உடைமையுடையவன் மறக்க மாட்டான், கணக்குக் கேட்பான், நட்டம் வந்தவிடத்து மேலும் ஒரு பங்கு வாங்கித் தாங்குவான், தலைவன் இல்லாதவிடத்துத் தானே சென்று நிற்பான். நாற்பதினாயிரம் பங்குக்கு உரியவருள் அங்ஙனம் நிற்போர் தக்க அளவிற் கிடைத்திலர். தலைவர் சிறைப்பட்டபின் ஊக்கம் குன்றியது, அரசின்பால் அச்சம் மிகுந்தது, நட்டம் வளர்ந்தது, சங்கம் ஒழிந்தது.

இதனை நெசவாளர் மொழியிற் கூறினால் இன்னும் விளங்கும். துணிக்குப் பாவும் வேண்டும், ஊடையும் வேண்டும். ஊடை ஓடுவது கண்ணுக்குத் தெரியும். நாடாவின் ஓசை தெருவெல்லாம் கேட்கும். பாவோ அசையாமல் இழுத்துக் கட்டப்பட்டுக் கிடக்கும். அவ்வாறு கிடக்கும் ஆயிரக்கணக்கான இழைகள் இறுக நில்லாவிடின் நாடா ஓடியும் துணி ஆகாது. சிதம்பரம் பிள்ளை ஓடிய ஊடை. பங்காளர் நிற்கவேண்டிய பாவு. ஊடை இற்றதனால் அத்துணி கெட்டது என்பர். பாவு தளர்ந்ததனாற் கெட்டது என்கின்றோம் யாம்.

இனி, முன்னே கூறுவோம் என்று விடுத்த ஆரணிக்கு வருவோம்.

எம் ஊர் கமண்டல நாகநதிக் கரையில் உள்ளது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. பட்டும் அரிசியும் அதன் பெயரை வெளியூர்களிற் பரப்பின. ‘ஆரணிப் பட்டு’ புவிசார் குறியீடும் பெற்றுள்ளது. ஆயினும் அப்பட்டுக்குரிய இழை எம் ஊரில் விளைவதன்று. பட்டுநூல் பெரும்பாலும் கருநாடகத்திலிருந்து வருகின்றது. சரிகை சூரத்திலிருந்து வருகின்றது. எம்மவர் கையில் இருப்பது தறியும் தொழிலறிவுமே. மூலப்பொருளும் பிறர் கையில், விற்பனையும் பிறர் கையில் என்றால், இடையில் நிற்பவன் எத்துணைக் கைவல்லவனாயினும் கூலிக்காரனே ஆவான். பிறர் கப்பலிற் கட்டணம் கொடுத்து ஏறிய தூத்துக்குடி வணிகனுக்கும், பிறர் நூலைப் பெற்றுப் பிறர்க்கே நெய்து கொடுக்கும் ஆரணி நெசவாளனுக்கும் நிலை ஒன்றே.

இந்நிலையை மாற்றவே கூட்டுறவுச் சங்கங்கள் எழுந்தன. 1904-இலும் 1912-இலும் இயற்றப்பட்ட கூட்டுறவுச் சட்டங்கள் அவற்றுக்கு அடிகோலின. கைத்தறிச் சங்கங்களின் துணிகளை விற்றற்பொருட்டு 1935-இல் சென்னை மாகாணத்திற் பெருஞ்சங்கம் ஒன்று நிறுவப்பட்டது. அதுவே இன்று கோ-ஆப்டெக்ஸ் என வழங்குவது. சட்டம் உண்டு, சங்கம் உண்டு, கடை உண்டு. பின்னர்க் குறை யாது?

குறை, சுதேசி நாவாய்ச் சங்கத்தின் குறையே. உறுப்பினருட் பலர் தம்மைச் சங்கத்தின் உடைமையாளராகக் கருதுகின்றாரில்லை. ‘சங்கம் வேலை கொடுக்குமா, கூலி கொடுக்குமா, போனசு கொடுக்குமா?’ என்று கேட்பர். ‘இவ்வாண்டின் இருப்பு யாது, கடன் யாது, விலைபோகாத சேலை எத்தனை?’ என்று கேட்பார் அரியர். ஆண்டுக்கூட்டத்திற் கணக்கைப் படிக்கும்பொழுது தேநீர்க்குக் காத்திருப்போரே மிகுதி. திறமையுடைய ஒருவர் தலைவராயின் சங்கம் தழைக்கின்றது. அவர் நீங்கினால் வாடுகின்றது. இதனை அவர்கள் விதி என்பர். தோள் ஒன்றாக இருந்தால் வரும் கேடு என்போம் யாம்.

இலவசக் குடையும் எம் ஊரில் விரிந்தேயிருக்கின்றது. விசைத்தறியில் விரைந்து நெய்து, கைத்தறிப் பட்டென்று பெயர் சூட்டிக் குறைந்த விலைக்கு விற்கும் சேலையே அக்குடை. 1985-இல் பாராளுமன்றம் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் இயற்றிச் சில துணிவகைகளைக் கைத்தறிக்கே உரியன என்று வரையறுத்தது. கைத்தறி முத்திரையும் பட்டு முத்திரையும் உள. இவையெல்லாம் இருந்தும், வாங்குவோன் முத்திரையைத் திருப்பிப் பாராவிடின் என் செய்யும்? தோட்டக்கூலி குடை வாங்கியதை யாம் மன்னித்தோம். திருமணத்திற்குப் பல்லாயிரம் ரூபாய்க்குப் பட்டெடுக்கும் குடும்பத்தார், விலைச்சீட்டைப் பார்த்தும் முத்திரையைப் பாராமல் வருவாராயின் அவர்க்கு அம்மன்னிப்பு இல்லை. அவருட் கற்றவர் உளர். இவ்வாண்டிதழைப் படிப்பவரும் உளர்.

ஈண்டு ஒரு தடை எழும். ‘நெசவாளி ஏழை, தனி வணிகர் முன்பணம் கொடுக்கின்றார், சங்கத்திற் சேலை விற்காதவிடத்துக் கூலி நாட்கழித்து வருகின்றது, மகள் திருமணமும் மருத்துவச் செலவும் நாட்கழித்து வருவதில்லை, அவன் தனி வணிகரிடம் செல்லாமல் என் செய்வான்?’ என்று கேட்பர். நேரிய கேள்வி. அவனைச் சங்கத்திற்கு இரண்டகம் செய்தவன் என்று யாம் கூறோம். அவன் இடர்க்காலத்திற் சாய்ந்துகொள்ளச் சங்கத்திற்கு ஒரு சேமநிதி வேண்டும் என்றே கூறுவோம். சுதேசி நாவாய்ச் சங்கத்திற்கும் அதுவே இல்லாதுபோயிற்று. கப்பல் வாங்கப் பொருள் திரட்டினர்; கட்டணப் போரைத் தாங்கப் பொருள் திரட்ட இயலவில்லை. ஏறுங்காலத்திற்குப் பொருள் சேர்ப்பவர் பலர். இறங்குங்காலத்திற்குச் சேர்ப்பவரே நிலைப்பர்.

இதற்குச் சான்று வேண்டின் மேனாட்டு நெசவூர் ஒன்றை நோக்குக. இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் ஊரில், 1844-ஆம் ஆண்டில், நெசவாளரும் பிற தொழிலாளருமாக 28 பேர் கூடினர். ஆளுக்கு ஒரு பவுன் சேர்த்தனர். 28 பவுன் மூலதனத்தில் டிசம்பர்த் திங்கள் 21-ஆம் நாள் ஒரு சிறு கடையைத் திறந்தனர். மாவும் வெண்ணெயும் சர்க்கரையும் மெழுகுவத்தியுமே அங்கு விற்ற சரக்கு. கலப்படம் இல்லை, கடன் இல்லை, பங்கு எத்துணையாயினும் ஆளுக்கு ஒரு வாக்கு, மிச்சம் வாங்கியவர்க்கே பகிர்வு. உலகக் கூட்டுறவு இயக்கம் தன் பிறப்பிடமாக இன்றும் அக்கடையையே காட்டுகின்றது. அவ்விருபத்தெண்மருள் ஒருவர் பெயரையேனும் நம்மிற் பெரும்பாலோர் அறியோம். பெயரறியா அப்பலரது சிறுமுயற்சி நிலைத்தது. பெயர் பெற்ற ஒருவரது பெருமுயற்சி ஐந்தாண்டில் அழிந்தது. சிதம்பரம் பிள்ளை ராச்டேல் நெசவாளரினும் தாழ்ந்தவர் என்பதன்று இதன் பொருள். மளிகைக்கடையை எவரும் துப்பாக்கி கொண்டு எதிர்க்கவில்லை. இவர் எதிர்த்ததோ பேரரசை. ஆயினும் அவர்களிடம் இருந்து இவர் பங்காளரிடம் இல்லாதது ஒன்று உண்டு. அது, கணக்குப் பார்க்கும் பழக்கம்.

சிதம்பரம் பிள்ளையின் பிற்கால வாழ்வையும் ஈண்டுக் குறித்தல் வேண்டும். விடுதலை பெற்றபொழுது வழக்காடும் உரிமை பறிக்கப்பட்டிருந்தது; செல்வம் கரைந்திருந்தது. சென்னையில் சிறு கடை வைத்தும் பார்த்தார். தென்னாப்பிரிக்கத் தமிழர் அவர்பொருட்டுத் திரட்டிய சிறுதொகை காந்தியடிகள் வழியாக அவர்க்கு வரவேண்டியிருந்தது. அதுபற்றி இருவர்க்கும் இடையே 1915-இல் தொடங்கிய கடிதப்போக்கு நீண்டது; முடிவில் 347 ரூபாய் 12 அணா வந்தது. பத்து இலட்சம் ரூபாய்க் கம்பெனியை எழுப்பியவர்க்கு அத்தொகையும் அந்நாளிற் பெரிதாயிருந்தது. எனினும் அவர் எவரையும் வெறுத்தாரல்லர். வழக்காடும் உரிமையை மீண்டும் பெற உதவிய வாலேஸ் என்னும் ஆங்கில நீதிபதியின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆட்சியை எதிர்த்தவர் ஆளை வெறுக்கவில்லை.

தமிழ் பயிலும் யாம் அவரை மறத்தற்கு ஒண்ணாத வேறொரு காரணமும் உண்டு. சிறையில் இருந்தபொழுதே ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியர் நூலைத் தமிழாக்கினார். தம் வரலாற்றைச் செய்யுளில் எழுதினார். 1914-இல் ‘மெய்யறம்’, 1915-இல் ‘மெய்யறிவு’ என்னும் நூல்களை வெளியிட்டார். திருக்குறள் அறத்துப்பாலின் மணக்குடவர் உரையை 1917-இல் அச்சேற்றினார். தொல்காப்பியத்தின் இளம்பூரணர் உரையைப் பதிப்பிக்கவும் உழைத்தார். வறுமையில் வாடுங்காலத்தும் பழைய உரையாசிரியர் ஒருவரது ஏட்டைப் பிழைநீக்கிப் பதிப்பிக்கும் பொறுமையும், கப்பற் கம்பெனியின் விதிகளை வரி வரியாக வகுத்த பொறுமையும் ஒரே பொறுமையின் இரு முகங்கள். ஏட்டில் ஓரெழுத்துத் தவறினால் பொருள் திரியும். கணக்கில் ஓரெண் தவறினால் சங்கம் திரியும். தமிழ் மாணவர்க்குக் கணக்கு எதற்கு என்பார் இவரை நோக்குவாராக.

1936-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18-ஆம் நாள் தூத்துக்குடியிற் காங்கிரசு அலுவலகத்தில் அவர் காலமானார். இன்று அத்துறைமுகம் அவர் பெயரைத் தாங்குகின்றது. 2011-இல் அப்பெயர் சூட்டப்பெற்றது. திரைப்படம் வந்தது, சிலைகள் நின்றன, அவர் இழுத்த செக்கும் காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளது. இவையெல்லாம் நன்றே. ஆயினும் ஒரு பெரியாரைச் சிலையாக்குதல், அவர் செயலைத் தொடராமல் இருப்பதற்கு நாம் தேடும் எளிய வழியாக ஆகிவிடலாகாது.

ஆகலின் இரண்டு விண்ணப்பங்களை இவ்வாண்டிதழின் வாயிலாக முன்வைக்கின்றோம். முதலாவது மாணவ நண்பர்கட்கு. ஆண்டுதோறும் செப்டம்பர் 5-ஆம் நாள் நாம் சொற்போட்டி நடத்துகின்றோம்; செக்கைப் பற்றி உருக்கமாகப் பேசியவர் பரிசு பெறுகின்றார். ஓர் ஆண்டேனும் அதனை மாற்றுவோம். நெசவூர்களிலிருந்தும் கைத்தொழிலூர்களிலிருந்தும் வரும் மாணவர் தத்தம் ஊர்க் கூட்டுறவுச் சங்கத்தின் ஆண்டறிக்கையைப் பெற்று வந்து படிக்கட்டும், இருப்பையும் கடனையும் விளக்கட்டும், பிறர் வினவட்டும். எண்ணைப் படித்து ஏழையின் நிலையை உணர்த்த வல்லவனே சிதம்பரம் பிள்ளையின் மாணவன். இரண்டாவது பழைய மாணவர்கட்கு. தங்களுள் வழக்கறிஞர் உளர்; வங்கியிற் பணிபுரிவோர் உளர்; வணிகர் உளர். தறியிலிருந்து எழுந்த கூலியாலேயே கல்லூரிக் கட்டணம் கட்டியவர் சிலரும் உளர். அப்பெரியோர் தம் ஊர்ச் சங்கத்தின் ஆண்டுக்கூட்டத்திற்கு ஒருமுறை வந்து, கணக்கை எங்ஙனம் படிப்பது, எவ்வினாவை எவரிடம் கேட்பது என்று எம் தந்தையர்க்குக் கற்பிப்பாராயின், அது பொற்சரிகைச் சேலையினும் உயர்ந்த பரிசாகும்.

சிதம்பரம் பிள்ளையைச் சிறைக்கு அனுப்பியவர் ஆங்கிலேயர். அவர் கப்பலைத் துறையிலேயே விட்டு வீடு திரும்பியவர் நம்மவர். முன்னதற்காக நூற்றாண்டுக்கு மேலாக வருந்திவிட்டோம். பின்னதற்காக நாம் இன்னும் ஒன்றும் செய்தோமில்லை. இன்றும் ஊர்தோறும் சிறு சிறு கப்பல்கள் பங்காளரை எதிர்நோக்கி நிற்கின்றன. அவற்றுள் ஒன்றன் பெயர் கைத்தறிச் சங்கம்.